குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை: மூன்றாம் பருவத்தில் நாங்கள் செய்த வேலை

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிக்குக் கிழக்கே, பலாவும் முந்திரியும் சூழ்ந்த சின்ன ஊர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 28 குழந்தைகள், இரண்டு அறைகள், தலைமையாசிரியை, நான். மூன்றாம் பருவம் முடிந்து விடுமுறையும் விட்டாயிற்று. ஆண்டு விழா நடந்தது, கும்மியும் கோலாட்டமும் இருந்தன, பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆறு பேர் ஐந்தாம் வகுப்பு முடித்துப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் இந்தப் பருவத்தின் பெரிய செய்தி எது என்று கேட்டால், எங்கள் கீழ்மட்டக் கரும்பலகைகள் மறுபடியும் எழுதும் நிலைக்கு வந்ததைத்தான் சொல்வேன். அதை எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இதே வேலை காத்திருக்கும் பள்ளிகள் நிறைய உண்டு.

கீழ்மட்டக் கரும்பலகை என்பது ஆசிரியர் எழுதும் பெரிய பலகை அல்ல. அறையின் சுவர்களில், தரையிலிருந்து ஓர் அடி விட்டு, இரண்டு அடி உயரத்துக்குப் பட்டையாக ஓடும் பலகை. பிள்ளை அட்டைகளை வைத்துத் தானே செய்து, தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த காலத்தில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த முறை பரவியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டை முறைதான் அதற்கு மூலம். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி, அட்டைகள், பாய் போட்டு வட்டமாக உட்காருவது எல்லாம் அப்போது வந்தவை. ஒவ்வொரு குழந்தைக்கும் சுவரில் ஒரு கட்டம், அதில் அந்தப் பிள்ளையின் பெயர். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு கற்பிக்கும் முறை மாறிவிட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம். முறை மாறினாலும் அந்தச் சுவர்க் கட்டத்துக்குப் பதிலாக வேறு எதுவும் வரவில்லை. நோட்டில் எழுதும் பிள்ளை கையால் மறைத்துக்கொள்ளும். சுவரில் எழுதினால் பக்கத்துப் பிள்ளை பார்க்கும், திருத்தும், தானும் எழுதும். எனக்கும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாலே யாருக்கு எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

பல பள்ளிகளில் இந்தப் பட்டையின் மேல் வெள்ளையடித்துக் கார்ட்டூன் வரைந்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை வரைந்த படத்தைப் பிள்ளை ஒரு வாரம் பார்க்கும், அப்புறம் அது வெறும் சுவர்தான். எழுதி அழிக்கிற இடமோ தினமும் புதிது. எங்கள் பள்ளியிலும் படம் வரையலாம் என்று பேச்சு வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அம்மாக்கள்தான் வேண்டாம் என்றார்கள். "எம் புள்ள வீட்டுச் சுவத்துல கரியால கிறுக்குது டீச்சர், இங்கயாவது எழுத எடம் இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னதும் முடிவாகிவிட்டது.

பலகையின் நிலைமை மோசம். ஒரு பக்கம் யாரோ முன்பு சாதாரணக் கறுப்பு எனாமல் அடித்திருந்தார்கள். சாக்பீஸ் வழுக்கிக்கொண்டு போகும், எழுத்து விழாது, ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணாடியாய் மின்னும். கிழக்குச் சுவரில் பெயிண்ட் பொரிந்து, உள்ளே உப்புப் பூத்து, கை வைத்தால் பொலபொலவென உதிரும். மற்ற இடங்களில் தேய்ந்து வெளுத்து, சிமெண்ட் தெரிந்தது.

முதலில் கிழக்குச் சுவர். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் எத்தனை பூச்சு அடித்தாலும் அடுத்த மழைக்கு உரிந்து வந்துவிடும். வெளியே போய்ப் பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் அடியோடு சாய்த்தது நினைவிருக்கும். பள்ளிக்கூட வளாகத்தில் விழுந்த மரங்களை இழுத்துப் போட்டபோது தள்ளிய மண் அந்தச் சுவரோரமாகவே கிடந்துவிட்டது. அதன்மேல் சருகு விழுந்து மக்கி, வெளியே மண்மட்டம் அறையின் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, சுவர் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏறிய ஈரம் உள்பக்கத்தில் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகி, பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்த வெள்ளைப் பொடி அதுதான்.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு பெற்றோர் சிலர் மண்வெட்டியுடன் வந்தார்கள். சுவரோர மண்ணை வெட்டி, தரைமட்டத்துக்கு அரை அடி கீழே வருகிற மாதிரி இறக்கி, தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடும்படி சரிவு கொடுத்தார்கள். வெட்டிய மண் வீணாகவில்லை. முருங்கைப் போத்து நடவும் கீரைப் பாத்திக்கும் போயிற்று. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெருக்கி அள்ளிச் சாக்கில் கட்டினோம். அதன்பிறகு அந்தச் சுவரைப் பிப்ரவரி வரை அப்படியே காயவிட்டோம். ஜன்னலைத் திறந்து வைத்ததைத் தவிர வேறு வேலை இல்லை. இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே முடியாது.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. இந்த வேலை பிள்ளைகளுடையது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். சிமெண்ட் பூச்சு சுவரோடு ஒட்டியிருந்தால் 'டிக் டிக்' என்று கெட்டியான சத்தம், விட்டுப்போயிருந்தால் 'பொத் பொத்' என்று வெற்றுச் சத்தம். வெற்றுச் சத்தம் வருகிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், காதைச் சுவரில் ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி, வெற்றிடத்தின் ஓரத்தைச் சரியாகப் பிடித்துக் கோடு போட்டான். பிறகு கொத்தனார் வந்து உளி வைத்தபோது பூச்சு கிட்டத்தட்ட அவன் போட்ட கோட்டிலேயே பெயர்ந்து வந்தது. அவருக்கே ஆச்சரியம். "இவன எங்கிட்ட அனுப்பிருங்க டீச்சர்" என்றார். "அவன் படிச்சு இன்ஜினீயரா உங்களுக்கு வேலை சொல்லுவான்ணே" என்றேன்.

கொத்தனார் எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா. கூலி வாங்கவில்லை. பெயர்த்த இடங்களைச் சுத்தமாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்துச் சுவரை நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த பூச்சு மணல் சேர்த்துப் பூசினார். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் ஓரத்தில் மட்டப்பலகையைக் குறுக்காக இழுத்துப் பார்த்து, மேடு தெரிந்த இடத்தைச் சீவினார். சாக்பீஸ் ஓடும்போது அந்த ஓரத்தில் தடுக்கினால் குழந்தைக்கு எழுத்து உடையும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தோம். கடைசியில் ஸ்பாஞ்ச் வைத்துத் தேய்த்து விட்டார். மழமழவென்று சிமெண்ட் பால் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அப்படி இழுத்தால் மெல்லிய வெடிப்பு விழும், சாக்பீஸும் பிடிக்காது. ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் அடித்தோம். அப்புறம் மூன்று வாரம் காய்ந்தது. புதுச் சிமெண்ட் பூச்சில் சுண்ணாம்புக் காரம் இருக்கும். ஈரமும் காரமும் அடங்குவதற்கு முன் அடித்தால் பெயிண்ட் ஒட்டாது.

பழைய பெயிண்டைச் சுரண்டும் வேலையில்தான் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும் என்பேன். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. வளரும் பிள்ளையின் மூளைக்கும் நரம்புக்கும் ஈயம் கேடு. எனவே சுரண்டுவதைச் சனி, ஞாயிறுகளில் வைத்தோம், ஒரு பிள்ளையையும் உள்ளே விடவில்லை. பட்டி பிளேடால் உரிகிறதை உரித்து, மீதியைத் தண்ணீர் தொட்டு நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தோம். உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும். ஈரமாகத் தேய்த்தால் சேறாக வழியும், பழைய துணியில் வழித்து எடுத்துவிடலாம். கிழக்குச் சுவரில் பெயிண்ட் தானாகவே உதிர்ந்திருந்ததால் அங்கே ஈரம் படாமல் பிளேடோடு நிறுத்திக்கொண்டோம். முகத்தில் மாஸ்க், தலையில் துணி. உதிர்ந்ததை எல்லாம் சாக்கில் கட்டினோம். கீரைப் பாத்திப் பக்கம் ஒரு துளிகூடப் போகவில்லை. வேலை முடிந்ததும் தரையை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்தோம். வழுக்கும் எனாமல் இருந்த பக்கத்தில் முழுவதும் உரிக்கத் தேவை இருக்கவில்லை. கெட்டியாக ஒட்டியிருந்ததை 120-ஆம் எண் தாளால் பளபளப்புப் போகும்வரை மட்டும் தேய்த்தோம். பளபளப்புப் போனால் போதும், மேல்பூச்சு பிடித்துக்கொள்ளும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 28 பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு அடி அகலம் என்றால் இரண்டு அறைகளிலுமாக 56 அடி நீளம், உயரம் இரண்டு அடி, ஆக 112 சதுர அடி. எட்டுக்கு நான்கடியில் இரண்டு பெரிய பலகைகள், 64 சதுர அடி. எல்லாம் சேர்த்து 176, இரண்டு பூச்சுக்கு 352. கரும்பலகை பெயிண்ட் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 100 சதுர அடி ஒரு பூச்சு வரும் என்று வைத்து நான்கு லிட்டர் வாங்கினோம், கொஞ்சம் மிஞ்சியது. இதனுடன் சிமெண்ட் பிரைமர், டர்பன்டைன், உப்புத்தாள், கொஞ்சம் பட்டி, ஒரு ரோலர், இரண்டு பிரஷ். 30 பிள்ளைகளுக்குள் இருக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். மின்விளக்கு, குழாய், துடைப்பம், பினாயில் எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்குள் பெயிண்ட் செலவு அடங்கியதற்குக் காரணம், கூலி என்று எதுவும் கொடுக்க வேண்டி வராததுதான்.

பட்டி பார்ப்பது பள்ளமான இடங்களில் மட்டும், அதுவும் மெல்லிசாக. பட்டி தடியாக இருந்தால் அழுத்தி எழுதும் பிள்ளையின் சாக்பீஸ் முனை அதைக் கீறிவிடும். பிரைமர் ஒரு பூச்சு, ஒரு நாள் காய வேண்டும். பிறகு கறுப்பு. இதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு தொடங்கினோம். திங்கள்கிழமை காலைக்குள் வாடை போக வேண்டும். டப்பாவின் அடிவரை குச்சி விட்டு நன்றாகக் கலக்க வேண்டும், சாக்பீஸைப் பிடிக்கவைக்கும் சொரசொரப்பான பொடி அடியில்தான் தங்கியிருக்கும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் அதுவும் வழுக்கும் பலகைதான். முதல் பூச்சு குறுக்காக. ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு மேலிருந்து கீழாக. பிரஷ்ஷைவிட ரோலர் நல்லது. பிரஷ் கோடு விழுந்தால் எழுதும் கை அந்தக் கோட்டுக்குப் போகும். ஓரங்களுக்கு மட்டும் பிரஷ்.

அடித்த உடனே எழுதக் கூடாது. மூன்று நாள் விட்டு, ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து வெள்ளையாக்கி, உலர்ந்த துணியால் துடைத்தோம். இதைச் செய்யாவிட்டால் முதல் நாள் எழுதிய எழுத்து எத்தனை அழித்தாலும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். முதல் ஒரு வாரம் ஈரத்துணி படக் கூடாது.

அதன்பிறகு கோடு. கொத்தனார் நூல் அடித்துக் கொடுத்தார்: நூலைச் சாக்பீஸ் பொடியில் புரட்டி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். பிள்ளைகள் அதை மறுபடி மறுபடி செய்யச் சொன்னார்கள். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் பெயிண்ட் தொட்டு இழுத்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் மேல் பாதியில் தமிழுக்கு இரட்டைக் கோடு, கீழே ஒரு மூலையில் கணக்குக்குச் சின்னக் கட்டங்கள், மீதி வெற்றிடம். ஆங்கிலத்துக்கு நான்கு கோடு வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார், முதல் மூன்று வகுப்புகளின் கட்டங்களில் மட்டும் போட்டோம். மூலையில் எண். பெயரைப் பெயிண்டால் எழுதவில்லை, பிள்ளைகளே சாக்பீஸால் எழுதிக்கொள்கிறார்கள். ஒன்றாம் வகுப்பில் தன் பெயரைத் தினமும் காலையில் சுவரில் எழுதும் பிள்ளைக்கு வேறு கையெழுத்துப் பயிற்சியே வேண்டாம்.

ஒரு சின்ன வேலை பிள்ளைகளே முழுக்கச் செய்தது. பழைய மரப்பலகை ஒன்று மூலையில் கிடந்தது. அதற்குப் பெயிண்ட் செலவழிக்க வேண்டாம் என்று கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசினோம். வேலியில் கோவைக்கொடிக்குப் பஞ்சமில்லை. கரியைத் துணியில் கட்டி இடித்து நைசாகச் சலித்து, இலையோடு சேர்த்து அம்மியில் அரைத்து, துணியில் தொட்டு ஒரே பக்கமாக இழுத்தார்கள். காய்ந்ததும் எழுத்து பளிச்சென்று விழுந்தது. சில வாரத்தில் வெளுக்கும், மறுபடி பூச வேண்டும். இதற்கு ஊமத்தை இலையும் பயன்படுத்துவார்கள். பெரியவர்கள் அப்படித்தான் செய்ததாகச் சொல்வார்கள். ஊமத்தை வேர் முதல் விதை வரை நஞ்சு, பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

ஏப்ரலில் கடைசி வேலை நாளன்று, இந்த ஆண்டு நடந்ததில் சொல்ல வேண்டிய ஒரு செய்தியை அவரவர் கட்டத்தில் எழுதச் சொன்னோம். ஆண்டறிக்கையை நாங்கள் எழுதுவதைவிட அவர்கள் எழுதட்டும் என்பது தலைமையாசிரியையின் யோசனை. இரண்டாம் வகுப்புப் பையன்: "எங்க வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கருப்பு." மூன்றாம் வகுப்பில்: "முருங்கப் போத்து துளுத்துருச்சு. நான் தான் தண்ணி ஊத்துனேன்." இன்னொருத்தி: "வெள்ளிக்கிழமை கிச்சடி. ரெண்டு தடவ வாங்குனேன்." 2023 ஆகஸ்டில் காலை உணவு எங்கள் ஊருக்கு வந்தபிறகு முதல் பாடவேளையில் வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளை யாரும் இல்லை. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்: "நாங்கள் ஆறு பேர் பெரிய பள்ளிக்கூடம் போகிறோம். என் கட்டத்தை அழிக்காமல் வையுங்கள்."

வகுப்பில் வாயே திறக்காத நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். அன்றைக்கு அவள் தன் கட்டத்தை நிரப்பிவிட்டு, இடம் போதாமல், பக்கத்தில் வராதிருந்த பிள்ளையின் கட்டத்திலும் தொடர்ந்து எழுதினாள். கிணற்றில் விழுந்த பூனையைக் கூடை கட்டி இறக்கித் தூக்கிய கதை. கூடை எவ்வளவு ஆடியது, பூனை எந்த மூலையில் ஏறி உட்கார்ந்தது, மாமா கயிற்றை எப்படிச் சுற்றிப் பிடித்தார் என்று எல்லாம் இருந்தது. ஒற்றெழுத்துகள் பல இடங்களில் இல்லை. திருத்தாமல் கடைசிவரை நின்று படித்தேன்.

மத்தியானம் பெற்றோர் வந்து சுவர் சுவராகப் படித்துக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளையின் அப்பத்தா, பேத்தியின் கட்டத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, சாக்பீஸ் கேட்டு வாங்கி, கீழே தன் பெயரை இனிஷியலோடு எழுதினார். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் படித்தவர். எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அந்த இயக்கத்தில்தான். இவரும் பழகியிருக்கிறார். உட்கார்ந்துகொண்டே எழுத வசதியாக இருக்கிறது என்றார். நின்று எழுதும் பெரிய பலகை என்றால் எழுந்திருக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பேத்தியின் எழுத்தில் ஒரு துணைக்காலைச் சேர்த்துத் திருத்தினார்.

ஜூனுக்கு மீதி வேலை இருக்கிறது. கிழக்குச் சுவரின் வடக்கு மூலையில் ஒரு முழம் இன்னும் ஈரம் காட்டுகிறது. அங்கே பிரைமர் அடிக்காமல் வெறும் பூச்சோடு விட்டிருக்கிறோம். இந்தக் கோடை முழுவதும் காயட்டும். மிஞ்சிய பெயிண்ட் டப்பாவை இறுக மூடிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம், மேலே ஆடை படியாமல் இருக்கும். ஒன்றாம் வகுப்புக்கு இதுவரை ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள், போகிற ஆறு பேரின் கட்டங்கள் அவர்களுக்கு. அழிக்காமல் வைக்கச் சொன்னவளின் கட்டத்தைப் படம் எடுத்து அச்சிட்டு அவளிடம் கொடுத்துவிட்டோம். பலகை அடிக்கும் எண்ணம் உள்ள பள்ளிகள் ஜனவரியிலேயே தட்டிப் பார்க்கத் தொடங்குங்கள். சிமெண்ட் பூச்சு காய ஒரு மாதம், பிறகு சுரண்டல், பிரைமர், இரண்டு பூச்சு பெயிண்ட் என்று போனால் மார்ச் கடைசிக்குள் முடியும். பிள்ளைகளுக்கு எழுத இரண்டு வாரமாவது கிடைக்கும்.